ஆறு வருஷ ஜீரோ

"உங்களுக்கு வெள்ளையணு ரொம்பக் குறைஞ்சிருக்குது. அழுவுற குழந்தைங்களை நீங்களே புடிச்சிக்கிட்டு எக்ஸ்ரே எடுக்காதீங்கன்னா கேக்குறீங்களா?" ஜெயராணி ரத்தப் பரிசோதனைச் சீட்டை மேசையில் அறைந்தாள்.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவள் கணவன் சவரிமுத்து அசரவில்லை. "கதிர் எவ்ளோ பட்டிருக்குன்னு காட்டத்தான் பேட்ஜ் குடுத்திருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி அதை சோதனைக்கு அனுப்புறேன். ஆறு வருஷமா ஜீரோதான் வருது. சும்மா நச்சரிக்காத!"

அவளுக்கு மண்டை காய்ந்தது. துவைக்க எடுத்த அவன் சட்டையைத் தடவிப் பார்த்தாள். "அந்த பேட்ஜ் எங்க? சட்டையில காணுமே?"

"தொலைஞ்சா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. புது பேட்ஜ் வந்த அன்னிக்கே பீரோவுல வெச்சிப் பூட்டிடுவேன். அனுப்புற அன்னிக்குத்தான் எடுப்பேன்."

ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப ஆறு வருஷமா நம்ம பீரோவுக்குத்தான் ஒண்ணும் ஆகல!"