அரிசி டிரம்முக்குள் ஒரு காவல்

மகள் ஒழுங்காகப் படிக்கட்டும் என்று அம்மா அவளுடைய போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாள். அதற்குள் குடியிருந்த, அரிசி அளக்கும் ஆழாக்குக்கோ யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

"சாப்பிட்ட பிறகு அம்மாவே அரை மணி நேரம் என்னை எடுத்துத் தருவார்கள். அதுவரை சுடர்க்கொடி என்னைத் தொடமாட்டாள்" என்றது போன்.

"நீ நேற்று வந்தவன். நான் அவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்" என்றது ஆழாக்கு.

அப்போது வெளியே சுடர்க்கொடியின் குரல் கேட்டது. "அம்மா, இன்னைக்கு நான் அரிசி களையட்டுமா?"

"சோறு வடிச்சாச்சு. நீ போய்ப் படி."

"பார்த்தாயா? அடுப்படிப் பக்கமே வராதவளுக்கு இன்றைக்கு அரிசி மேல் பாசம்!" என்ற ஆழாக்கு, போனின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, அதை அழுத்தி அழுத்தி அடிமட்டத்துக்கே தள்ளிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் அம்மா டிரம்மைத் திறந்து மேலாகத் துழாவினாள். போன் கையில் படவில்லை.

"எங்கடி ஒளிச்சு வச்சிருக்கே?"

"சத்தியமா நான் எடுக்கலைம்மா!"

"பொய் வேறயா? இனிமே உனக்குப் போனே கிடையாது."

சுடர்க்கொடி விசும்பினாள். "நான் இங்கேதான் இருக்கிறேன்!" என்று அடியிலிருந்து போன் கத்தியது. அம்மாவுக்குக் கேட்கவில்லை.

"சும்மா கிட" என்றது ஆழாக்கு. "அந்த அழுகையைக் கேட்டாயா? திருடினவள்தான் இப்படி அழுவாள்."