மட்கார்டு நெளிவு

"இந்த நெளிவு எப்படி வந்துச்சு? அதைச் சொன்னாத்தான் எழுதுவேன்."

கேட்கவே கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்த கேள்வி.

மிராசுதார் ராஜாமணி சிரித்தார். அவருடைய பழைய ரோல்ஸ் ராய்ஸ் லண்டன் ஏலத்துக்குப் போகிறது. அதன் வரலாற்றை இங்கிலீஷில் எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். என்னை பி.ஏ. படிக்க வைத்தவரும் அவர்தான்.

"எருமை குறுக்கால வந்துச்சு. இன்னாடா கோதண்டம்?"

"ஆமாங்க, எருமைதான்" என்றார் டிரைவரான என் அப்பா, தரையைப் பார்த்தபடி.

"தட்டி எடுத்துடலாமா?" என்று ஏல ஏஜெண்டைக் கேட்டார் மிராசுதார்.

"தொடாதீங்க சார்! இருந்தபடியே இருந்தாத்தான் லட்சக்கணக்குல போகும். கூட ஒரு கதை இருந்தா இன்னும் நல்லது."

அப்பா எப்போதோ என்னிடம் சொல்லியிருந்த உண்மைக் கதையை எழுதினேன். மிராசுதாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏஜெண்ட் வாங்கித் தமிழில் உரக்கச் சொன்னார்:

"வண்டியை ஓட்டியவர் முதலாளி. அடிபட்டுச் செத்தவள் டிரைவரின் மனைவி கிளியம்மாள். பழியை ஏற்று ஜெயிலுக்குப் போனவர் டிரைவர். அதற்கு ஈடாக முதலாளி படிக்க வைத்த மகள் எழுதுவது இது."

மிராசுதாரின் முகம் வெளுத்தது. ஏஜெண்டின் முகமோ மலர்ந்தது.

"அடேங்கப்பா, உயிரே போயிருக்கா? ரெண்டு மடங்கு போகும் சார்!"

மிராசுதார் என் பக்கம் திரும்பினார்.

"அப்டின்னா, ஓட்டுனவன் பேரை மட்டும் மாத்திடும்மா."

தாளைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன்.

"எங்கம்மா போற?" என்று பின்னால் ஓடி வந்தார் அப்பா.

"ஸ்ரீபெரும்புதூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு. வர்றதுன்னா நீயும் வா" என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டினேன்.