‘உறவு’ என்ற கட்டம்

குடியிருப்போர் சங்க அறையில் மின்விசிறி மெல்லச் சுற்றுகிறது. ஜன்னல் வெயிலில் கணினித் திரையின் பாதி வெளிறிக் கிடக்கிறது. மீதிப் பாதியில் குடும்பப் பதிவேடு. அங்கத்தினர் யாரும் திறக்கலாம், யாரும் திருத்தலாம். எல்லாம் சரியாக இருக்கட்டுமே என்று போன வாரம் சித்திதான் தன் அக்கா வீட்டு விவரத்தில் ‘மகள்’ என்றிருந்ததை ‘வளர்ப்பு மகள்’ என்று மாற்றினாள். இருபது வருடமாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். தன் கைபேசி எண்ணை மாற்ற இன்று சித்தியோடு வந்த அந்த அக்கா மகள் அதைப் படித்துவிட்டாள்.

“அழிச்சிட்டேன்டி கண்ணு. பாரு, இப்ப இல்ல,” என்று சித்தி திரையைச் சுட்டுகிறாள். “அழிச்சாலும் கீழ நிக்கும்மா,” என்கிறார் எழுத்தர், தலை நிமிராமல். “யார் மாத்தினா, என்ன மாத்தினான்னு எல்லாம் இருக்கும்.” திரையின் அடியில் சித்தியின் பெயரும் அந்தச் சொல்லும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. சித்தி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் புது எண்ணைத் தட்டுகிறாள். தவறிப்போய், மறுபடி தட்டுகிறாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்: “அம்மா கேட்டா, நான் பார்த்தப்ப ‘மகள்’னுதான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க சித்தி.”