அறுபடாத முடிச்சு

கானா நாட்டின் கோஃபோரிடுவா பாசிமணிச் சந்தையில், மணி விற்க வந்த டெட்டே நீட்டிய பழைய இடுப்பு மணிச் சரத்தை மாம்லே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெண்களின் இடுப்போடு இறுக்கி முடிச்சிடும் சரம் அது. நூலை அறுக்காமல் கழற்ற வழியில்லை. இதிலோ முடிச்சு அப்படியே இருந்தது.

"ஏன்டா, எவ பொணக்குழியத் தோண்டின?"

"ஐயோ அக்கா, எங்க அத்தையோடது. உடம்பு மெலிஞ்சு தானா நழுவிடுச்சு."

"எலும்பா மெலிஞ்சாத்தான்டா இது நழுவும்!"

ஆனாலும் அந்த மணிகளை விட மனமில்லை. வாங்கி வந்து, நூலை அறுத்து, கழுவி, கழுத்து மாலையாகக் கோத்தாள். போட்டுப் பார்க்கலாமென்று பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

காலடியில் ஏதோ சலசலவென்று விழுந்தது. நீல மணிச் சரம். அவள் வயதுக்கு வந்த அன்று அம்மா அவள் இடுப்பில் கட்டிவிட்டது.

முடிச்சு அப்படியே இருந்தது.