பூங்கோதைக்கு வந்த ஒரு மணி நேரம்

மாநில அறக்கட்டளைக்கு இப்போது யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. யாருக்கு எது இல்லை என்று அதுவே கண்டுகொண்டு, அதே தெருவில் கொடுக்க மனமுள்ள ஒருவரை அனுப்பிவிடும். சென்ற மாதம் நானும் அதன் செயலியில் பெயர் கொடுத்தேன், கொடுப்பவர்கள் பட்டியலில்தான். சரியான பொத்தானைத்தான் அழுத்தினேன் என்று நினைக்கிறேன்.

இன்று மாலை வகுப்பிலிருந்து வந்து உலை வைத்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் சுண்டல் கிண்ணத்துடன் ஒரு பெண்.

“நான் ஸ்டெல்லா, மூணாவது மாடி. இங்க பூங்கோதைன்னு ஒரு பொண்ணாமே? பேச்சுத் துணைக்கு ஆளே இல்லையாம், பாவம். ஒரு மணி நேரம் பேசிட்டு வான்னு அறக்கட்டளை அனுப்பிச்சுது. எனக்கு ஒரு மணி நேரமெல்லாம் பத்தாது, எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க.”

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற அளவுக்கா ஆகிவிட்டேன்?

“அவ ஊருக்குப் போயிருக்கா,” என்றேன்.

“நீங்க?”

“கூடத் தங்கியிருக்கேன்.”

“அப்ப துணை இருக்கே,” என்று சிரித்தார். “இங்க தேவையில்லைன்னு எழுதிடறேன். வேற யாருக்காவது ஆகட்டும்.”

“சரிங்கக்கா,” என்றேன். அவர் மூன்றாவது மாடி ஏறி முடிக்கும்வரை கதவை மூடவில்லை.