ஒழுகும் படகு

பிராங்க்ளினின் மரப்படகில் ஓட்டையே இல்லை; ஆனாலும் காவிரியில் இறக்கினால் கணுக்கால்வரை தண்ணீர் ஏறியது. பழுது பார்த்த வீரபத்திரனை விரட்டிவிட்டு, ஊரெல்லாம் விசாரித்து, பொன்மலையிலிருந்து தச்சர் அருள்நாதனை அழைத்துவந்தான்.

அவர் அடிப்பலகையைத் தடவினார். "தங்கமான வேலை. யாரு செஞ்சது?"

"முசிறி வீரபத்திரன். ஏமாத்துக்காரன்னு கரை முழுக்கச் சொல்லிட்டேன். இப்போ ஒருத்தரும் வேலை தரதில்லை, வாழைத்தார் சுமக்குறான்."

"எத்தனை நாள் தண்ணியில கிடந்துச்சு?"

"ஒழுகினதுமே கரையேத்திட்டேங்க."

"அடப்பாவமே. காய்ஞ்ச பலகை தம்பி. ரெண்டு நாள் ஊறினா உப்பி, இடுக்கைத் தானா அடைச்சுக்கும். அவர் சொல்லலையா?"

வீரபத்திரன் கெஞ்சியதே அதைத்தான்: "ரெண்டு நாள் ஆத்துலயே கிடக்கட்டுங்க, நின்னுடும்."

அன்றே படகை ஆற்றில் இறக்கிக் கட்டிப்போட்டான். மூன்றாம் நாள், அவனிடம் மன்னிப்புக் கேட்க முசிறி பஸ் ஏறுமுன், படகை எட்டிப் பார்த்தான். உள்ளே சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.