தளும்பத் தளும்ப

ஹைதரலி இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் விடுதிக்காரி எதேரி அவரைக் கிளம்பச் சொல்லிவிட்டாள்.

வாயால் சொல்லவில்லை. கோப்பையில் தளும்பத் தளும்ப டீ ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

ஹைதரலியின் உஸ்பெக் ஊரான நமங்கானில் பால்குடிக் குழந்தைக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். கால் கிண்ணம் ஊற்றினால், 'உட்காருங்க, பேசுவோம், தீரத் தீர ஊத்தறேன்.' விளிம்பு வரை ஊற்றினால், 'குடிச்சிட்டு நடையைக் கட்டு.'

ஹைதரலி நாக்கு வேகக் குடித்தார். "டீ பிரமாதம்மா" என்று எழுந்து, கடற்கரைக்கு நடையைக் கட்டினார்.

முடிதிருத்தும் கடையில் ஆயுள் முழுக்க ஊர்க்கதை பேசியவர் அவர். "தலையைத் தொட்டா ஆளைச் சொல்லிடுவேன்" என்று பீற்றிக்கொண்டவர். மனைவி போனபிறகு சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். நாலு மனிதரோடு பேசட்டும் என்றுதான் மகன் அவரை ஜார்ஜியாவுக்கு அனுப்பினான்.

இப்போது பதூமி கடற்கரையில் ஒரு புறாவோடு பேசிக்கொண்டிருந்தார். அதுவும் நின்று கேட்கவில்லை.

மறுநாள் காலையும் முழுக் கோப்பை. சாயங்காலமும் அதே. ஹைதரலி குடிப்பார், எழுவார், புறாவைத் தேடிப் போவார்.

மகன் ஷெர்சோத் போன் செய்தான்.

"ஊரு எப்படிப்பா?"

"ஊரு அழகுதான். மனுஷங்கதான் விரட்டறாங்க."

"சரி, திரும்பி வந்து இறங்கினதும் ஏர்போர்ட்லேர்ந்து நேரா எங்க வீட்டுக்கு வந்துடுங்க. மாக்தாவும் கேட்டா."

"நமங்கான் போகணும். வேலை இருக்கு."

கடையை மூடிவிட்ட மனிதருக்கு என்ன வேலை என்று ஷெர்சோத் கேட்கவில்லை. போலந்துக்கார மருமகள் மாக்தா மேல் அப்பாவுக்கு என்ன கோபம் என்று கேட்டுக் கேட்டு அவனுக்கும் அலுத்துவிட்டது. ஹைதரலி காரணத்தைச் சொன்னதே இல்லை. சொன்னால் அவர் மரியாதை என்ன ஆவது?

ஊருக்குக் கிளம்பும் நாள். பையோடு வாசலுக்கு வந்தவரை எதேரி மறித்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் டீ அவ்வளவு கேவலமாவா இருந்துது?"

"யாரு சொன்னா?"

"பின்னே? ஒரு கோப்பை குடிக்கிறீங்க, கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி ஓடறீங்க! அத்தனையும் எங்க தோட்டத்து இலை. வீட்டுக்காரர் போனப்புறம் என்கூட உக்காந்து டீ குடிக்க ஒரு ஆள் வந்தாரேன்னு நினைச்சேன்..."

"நீதானேம்மா முட்ட முட்ட ஊத்தி என்னை விரட்டினே!"

"விரட்டினேனா? குறைச்சு ஊத்தினா கஞ்சப்பிசினாரின்னு நினைப்பீங்களேன்னு ஊத்தினேன்!"

ஹைதரலி நமங்கான் வழக்கத்தைச் சொன்னார். எதேரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹைதரலிக்கும் அடக்க முடியவில்லை. ஆளைச் சொல்லிவிடும் மேதை கடல் தாண்டி வந்து புறா மேய்த்த லட்சணத்தை நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

பாதிச் சிரிப்பில் அவர் முகம் மாறியது.

"என்னண்ணே ஆச்சு?"

அவர் போனை எடுத்தார்.

"ஷெர்சோத், மாக்தாகிட்ட குடு."

போன் கை மாறியது. பிறகு பயந்த குரல், உடைந்த உஸ்பெக்கில்.

"அப்பா... நல்லா இருக்கீங்களா?"

"நான் முதல் தடவை உங்க வீட்டுக்கு வந்தப்ப, ஷெர்சோத் ஆபீஸ் போயிருந்தான். நீ எனக்கு டீ ஊத்திக் குடுத்தே. ஞாபகம் இருக்காம்மா?"

"மறக்குமாப்பா? முதல் முதலா உங்களுக்குத் தரேன்னு நிறைய ஊத்தினேன். தட்டுலகூட வழிஞ்சுது. நீங்க குடிச்சதும் எழுந்து போனவர்தான். நான் என்ன தப்பு பண்ணினேன்னு இன்னிவரைக்கும் எனக்குத்..."

"சாயங்காலம் வரேன்மா. அதே மாதிரி தட்டுல வழிய வழிய ஊத்து. இந்தத் தடவை எழுந்து போகமாட்டேன்."